எனக்கில்லாத அண்ணன்

எங்கள் கல்லூரியில் தலைவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மொத்தம் ஆயிரத்தெண்ணூறு மாணவர்கள். அதில் பாதிப் பேர் ஏதாவது ஒன்றுக்குத் தலைவர், மீதிப் பேர் துணைத்தலைவர். சதுரங்கக் கழகத்தில் மூன்றே பேர், மூவரும் இணைத்தலைவர்கள். ஆட்டம் ஆடத்தான் ஆள் கிடைக்காது.

இந்தக் கூட்டத்திலிருந்து முப்பது பேரைப் பொறுக்கி, ஆகஸ்ட் கடைசியில், வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய வாரம், மினசோட்டாவின் வடக்கே ஓர் ஏரிக்கரை முகாமுக்கு மூன்று நாள் அழைத்துப்போவார்கள். சுயபரிசோதனையும் சமூக உணர்வும் அங்கே வளர வேண்டும் என்பது ஏற்பாடு. கொசு நிச்சயமாக வளர்ந்திருந்தது.

முகாமை நடத்தியவர் கிப் வாண்டர்ஸ்லூட், மாணவர் மலர்ச்சித் துறையின் இணை டீன். "டாக்டர்னெல்லாம் கூப்பிடாதீங்க, வெறும் கிப்" என்று எல்லாரிடமும் சொல்வார். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் மட்டும் 'டாக்டர் கிப்' என்று இருக்கும். நரைத்த குடுமி, வெறுங்கால், ஐம்பத்திரண்டு வயது. யார் எதைச் சொன்னாலும் கண்களை மூடிக் கேட்பார். 'சாப்பாடு ரெடி' என்றாலும் மூடுவார்.

மூன்றாம் ஆண்டுக்குப் போகிற நான், ஹார்லன் ப்ரூக்கர், அந்த முறை ஒரு நோக்கத்தோடுதான் பேருந்து ஏறினேன். முகாம் முடிவில் 'சமூக இணைப்பாளர்' என்று ஒருவரை அறிவிப்பார்கள். ஓட்டுப் போட்டால் தோற்றவர் மனம் புண்படும் என்பதால் தேர்தல் கிடையாது. சமூகம் யார் பக்கம் சாய்கிறது என்று கிப் மூன்று நாள் கவனித்துச் சொல்வார். ஆகவே முப்பது பேரும் மூன்று நாளும் சாய்வாகவே நடந்தோம். எனக்கு அந்தப் பதவி வேண்டும். அதன் வேலை என்னவென்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பேருந்தில் என் பக்கத்தில் வென்டல் ஸ்குடா. இரண்டு வருடமாக என் அறைத் தோழன். பேச்சு குறைவு, விடுதியில் எங்கள் மாடிக்குப் பொறுப்பாளராக ஆகியிருந்ததால் அவனையும் தலைவர் என்று சேர்த்துவிட்டார்கள். டுலூத் நகரைத் தாண்டியதும் மெதுவாகச் சொன்னான்.

"நாளைக்கு சொல்லிடப்போறேன்டா."

"எதை?"

"ஃப்ரிட்ஜை."

அந்த ஃப்ரிட்ஜ் விஷயம் எனக்கு மட்டும் தெரியும். முதல் வருடம், நாங்கள் விடுதிக்குக் குடிவந்த வாரம். வென்டலின் அண்ணன் ரஸ் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர். தம்பிக்காக ஒரு சின்ன ஃப்ரிட்ஜை எங்கோ பழசில் பிடித்து, துடைத்துப் பளபளப்பாக்கி, ஆறு மணி நேரம் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டுவந்து, மூன்று மாடி தூக்கி ஏறியிருக்கிறார். வேலைக்குப் போடுகிற சட்டை. மார்பில் 'ரஸ்' என்று பெயர் தைத்திருந்தது. தாழ்வாரத்தில் நின்ற கோல்பி என்கிறவன், "யாருடா இது, கடைலேர்ந்து டெலிவரியா?" என்று கேட்டான். பக்கத்தில் சிக்ரித் என்ற பெண்ணும் இன்னும் நாலு பேரும். வென்டல் ஒரு நொடி யோசித்தான். பிறகு, "ஆமா" என்றான்.

ரஸ் காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் மாறவில்லை. "எங்க வைக்கட்டும் சார்?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். வைத்தார். பிளக்கைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். கோல்பி பெருந்தன்மையாக ஐந்து டாலர் டிப்ஸ் நீட்டினான். அதையும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, ஆறு மணி நேரம் திரும்ப ஓட்டிப் போனார். அன்றிலிருந்து வென்டல் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அண்ணன் நலமா என்பதை அம்மா வழியாகத்தான் வென்டல் தெரிந்துகொண்டான்.

"கோல்பியும் வர்றான், சிக்ரித்தும் வர்றா," என்றான் வென்டல். "அன்னைக்கு அங்க நின்ன ஆளுங்க முன்னாடியே சொல்லணும். அவன் என் அண்ணன்னு. நேத்து ரஸ்ஸுக்கு வாய்ஸ்மெயில் விட்டிருக்கேன். 'சனிக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், அப்புறம் கூப்பிடுவேன், அப்பவாவது எடு'ன்னு."

"எடுப்பாரா?"

"சொன்னா எடுப்பான். அவன் அப்படித்தான். நல்லா ஒத்திகை பாத்து வச்சிருக்கேன். நீ கேக்கறியா?"

கேட்டேன். இரண்டு முறை சொல்லிக் காட்டினான். இரண்டாவது முறை ஓர் இடத்தில் குரல் உடைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நல்லா இருக்குடா" என்று தோளைத் தட்டினேன். உள்ளுக்குள் எனக்கு வந்தது பொறாமை. இவனுக்கு எப்படிப்பட்ட துக்கம் வாய்த்திருக்கிறது! என் அப்பா பல் மருத்துவர். அம்மா கோல்ஃப் ஆடுவாள். நான் ஒரே பிள்ளை. என் வாழ்க்கையிலும் பற்களிலும் கோணல் எதுவும் இல்லை.

சனிக்கிழமை மதியம், உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஏரியோரப் பைன் மரங்களின் அடியில் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் கிப் ஒரு மரத் துடுப்பை வைத்தார். யார் கையில் துடுப்போ அவர் மட்டும் பேசலாம். ஆதிகாலத் துடுப்பு போலத்தான் இருந்தது. கைப்பிடிக்கு அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

விதிகளை ஒரு பெரிய தாளில் எழுதி மரத்தில் கட்டியிருந்தார். கைதட்டக் கூடாது, சத்தம் சிலரைத் திடுக்கிட வைக்கும்; விரல் சொடுக்கலாம். இங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், 'நான்' விதி. எந்த வாக்கியமும் 'நான்' என்றுதான் தொடங்க வேண்டும். நாம், அவன், அவர்கள் எல்லாம் ஒளிந்துகொள்கிற இடங்கள். யாராவது அங்கே போய் ஒளிந்தால் மற்றவர்கள் அன்போடு கையை நெஞ்சில் வைத்துக்காட்ட வேண்டும். பேசுகிறவர் 'நான்' என்பதற்குத் திரும்பிவிட வேண்டும்.

முதலில் சிக்ரித். அப்பா அம்மா பிரிந்ததும், அந்தச் சண்டையில் அவளுடைய குதிரையை விற்றுவிட்டதும். நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வாங்கியவரின் லாரியில் ஏற்றும்போது குதிரை திரும்பிப் பார்த்தது என்றதும், சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி விரல்கள் சொடுக்கின. சமூகம் கண்கூடாக அவள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

துடுப்பு என்னிடம் வந்தது. நான் தயாரித்து வைத்திருந்தது, பேச்சுப் போட்டி அரையிறுதியில் அரை மதிப்பெண்ணில் தோற்ற சோகம். அந்தக் குதிரைக்கு முன்னால் இதை எப்படி நிறுத்துவது? எனக்கு இடது பக்கம், அடுத்துத் துடுப்பை வாங்க வேண்டியவன், வென்டல். கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு உதடு அசையாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் நினைத்தது இவ்வளவுதான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்: ஒரு நண்பன் மனம் திறந்தபோது அதைக் கேட்கக் கற்றுக்கொண்டேன் என்று, பெயர் சொல்லாமல், லேசாகச் சொல்வது. என்னைப் பற்றியும் நல்லபடியாக இருக்கும், வென்டலுக்கும் வழி விட்டமாதிரி இருக்கும்.

"எனக்கு ஒரு நண்பன் இருக்கான்," என்று ஆரம்பித்தேன். "அவனோட அண்ணன்..."

கைகள் நெஞ்சுக்குப் போயின. ஒன்றல்ல, இரண்டல்ல, முகாமே நெஞ்சில் கைவைத்து என்னைப் பரிவோடு பார்த்தது. கிப் கண்ணை மூடியபடி சொன்னார்: "ஹார்லன், ரொம்ப தூரத்துல இருக்க. உன்கிட்ட வா."

அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். "பாஸ்", அதாவது என் முறை வேண்டாம், என்று ஒரு சொல் போதும். அதற்கும் விதியில் இடம் இருந்தது. ஆனால் அத்தனை கண்கள் எனக்காகக் காத்திருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

"எனக்கு... நான்..." என்றேன். "நான் என் அண்ணனை..."

அந்த வார்த்தை வாயில் வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. ஃப்ரிட்ஜை மட்டும் சோஃபாவாக மாற்றினேன். எங்கள் விடுதியை, உயர்நிலைப் பள்ளிக்கால கோடை வகுப்பு விடுதியாக மாற்றினேன். அண்ணனுக்கு டக் என்று பெயர் வைத்தேன். பெயர் தைத்த சட்டையை மாற்ற மனம் வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது அது. டிப்ஸை நானே கொடுத்ததாகச் சொன்னேன். அப்படி இருந்தால்தான் வலிக்கும் என்று பட்டது. வென்டலின் குரல் பேருந்தில் எந்த இடத்தில் உடைந்ததோ, அதே இடத்தில் என் குரலும் உடைந்தது. அந்த அழுகை நடிப்பில்லை. அதுதான் கேவலம்.

சொடுக்கல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. கோல்பி மூக்கை உறிஞ்சினான். "சொந்த அண்ணனுக்கு டிப்ஸா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தான். "ஐயோ, எப்படி மனசு வந்துச்சு?"

துடுப்பை வென்டலிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. துடுப்பைப் பார்த்தான், அடியில் இருந்த விலைச்சீட்டை நகத்தால் கொஞ்சம் உரித்தான்.

"நான்," என்றான். ஏரியில் யாரோ படகு மோட்டாரைக் கிளப்புகிற சத்தம். "நான் எட்டாம் கிளாஸ்ல ஒரு லைப்ரரி புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கல."

மூன்று பேர் மரியாதைக்குச் சொடுக்கினார்கள். "எந்த அளவுக்குத் தயாரோ அந்த அளவுக்குத்தான் வரும்," என்றார் கிப், இரக்கத்தோடு. "நன்றி, வென்டல்."

சமூக உணர்வு வளர்வதற்காகப் பாத்திரம் கழுவும் வேலையும் எங்களுக்கு உண்டு. அன்று மாலை என் பெயரும் அவன் பெயரும் அட்டவணையில் ஒன்றாக இருந்தன. பாதித் தட்டுகளைக் கழுவி முடித்திருந்தோம். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"டக் எப்படி இருக்கான்?"

"வென்டல்..."

"இல்ல, கேக்கறேன். சௌக்கியமா? முதுகு வலி இல்லையே? தனி ஆளா சோஃபாவைத் தூக்கிட்டு மாடி ஏறியிருக்கான்."

"டேய், சாரிடா. நான் உன்னைப் பத்தி சொல்ல ஆரம்பிக்கல, என்னைப் பத்திதான்... எல்லாரும் நெஞ்சுல கை வச்சாங்க. அப்படியே வந்துருச்சு."

"அப்படியே வந்துருச்சு." அவன் ஹாட்டிஷ் ஒட்டிய தட்டைச் சுரண்டினான். "நான் டிப்ஸ் குடுக்கலடா. கோல்பி குடுத்தான். நான் சும்மா நின்னேன். நீ என்னை என்னைவிட மோசமானவனா ஆக்கி, அதுக்கு கைதட்டலும் வாங்கிட்ட."

"சொடுக்குதான்," என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அப்படிப் பேச வந்தது.

அவன் சிரித்தேவிட்டான். சிரிப்பு பாதியில் நின்றது. "இனிமே நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? 'ஹார்லன் கதையை எடுத்துக்கிட்டான்'னுவாங்க. சோஃபாவை ஃப்ரிட்ஜா மாத்திட்டான்னு."

"நாளைக்கு நான் உண்மையைச் சொல்லிடறேன். இது என் கதை இல்லன்னு."

"யார் கதைன்னு கேட்டா?"

கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன்.

"என் பேரைச் சொல்லாத. நான் சொல்லணும்னு வந்தது. நீ காட்டிக் குடுத்து நான் மாட்டிக்கறதுக்கு வரல." துணியைப் பிழிந்து கம்பியில் போட்டான். "சொல்றதுன்னா உன்னோடது இல்லைன்னு மட்டும் சொல்லு. பாக்கலாம் உன் சாமர்த்தியத்தை."

ஞாயிறு காலை, கடைசி வட்டம். துடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"நான் நேத்து சொன்னது என்னோட கதை இல்ல," என்றேன்.

கிப் கண்ணை மூடினார். "இன்னொரு தடவ சொல்லு, ஹார்லன்."

"அது என் கதை இல்ல. எனக்கு அது நடக்கவே இல்ல."

"கேட்டீங்களா?" என்று கிப் மற்றவர்களிடம் கிசுகிசுத்தார். "நேத்து அந்தக் கதைக்குள்ள இருந்தான். இன்னைக்கு அதை இறக்கி வச்சுட்டான். அந்தப் பழைய ஹார்லன் இவன் இல்ல."

சொடுக்கல் பொரிந்தது.

"இல்ல கிப், நெஜமாவே சொல்றேன். எனக்கு அண்ணனே கிடையாது!"

சிக்ரித் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, டக் இவனை அவ்வளவு தூரம் ஒதுக்கிட்டாரா!" என்றாள். கோல்பி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். அவன் தோளுக்கு மேலாக வென்டலைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று, மிக லேசாக.

இன்னொரு வாக்கியம் மிச்சமிருந்தது. அவன் பெயரைச் சொல்லாமலே, 'வேறொருவன் என்னை நம்பிச் சொன்னதைத் திருடினேன்' என்று சொல்லியிருக்கலாம். 'நான்' என்றே தொடங்கியிருக்கலாம்; விதிக்கும் பங்கம் வந்திருக்காது. சொல்லவில்லை. நெருக்கிக் கட்டிக்கொண்டிருந்த கோல்பியின் சட்டையில் முகத்தை வைத்தபடி நான் நினைத்தது: உண்மையையும் சொல்லியாயிற்று, ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அரை மணி நேரத்தில் என்னைச் சமூக இணைப்பாளர் என்று அறிவித்தார்கள். பேருந்து ஏறும்போது கிப் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். "உன் ரூம்மேட் கொஞ்சம் மூடியே இருக்கான். லைப்ரரி புஸ்தகம்! பாவம். நீதான் அவனுக்குச் சரியான ஆளு. மெதுவா திறந்து விடு."

பேருந்தில் வென்டல் கடைசி வரிசையில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினான். தூங்குகிற மாதிரி இருந்தான்.

அதற்குப் பிறகு அறையில் சண்டை எதுவும் இல்லை. குப்பையை யார் கொண்டுபோய்க் கொட்டுவது என்பது போன்ற விஷயங்களை மரியாதையாகப் பேசிக்கொண்டோம். 'டா' மட்டும் அவன் பேச்சிலிருந்து போய்விட்டது. அது எந்த நாள் போனது என்று எனக்குத் தெரியாது. போன பிறகுதான் கவனித்தேன்.

அக்டோபரில் பெற்றோர் வருகை வாரம். புல்வெளியில் கூடாரம், ஆப்பிள் சைடர், டோனட். என் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். கிப் அன்று செருப்பு போட்டிருந்தார். நேராக வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஹார்லன் அவன் அண்ணனைப் பத்தி எங்ககிட்ட பேசினான். எவ்வளவு பெரிய விஷயம்!"

அம்மா குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தாள். "எங்களுக்கு ஒரே பையன்தாங்க."

கிப் கண்ணை மூடித் திறந்தார். "புரியுது," என்றார், ஒரு வீட்டின் மொத்தத் துயரத்தையும் கண்டுகொண்டவர் போல. "அவசரம் இல்ல. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப."

அவர் அடுத்த குடும்பத்துக்குப் போனதும் அப்பா அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்க வாய் திறந்தார். நான் சைடர் கொண்டுவருகிறேன் என்று நழுவினேன்.

சைடர் மேசையில் வென்டல், தனியாக. அவன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கிப் பேசியது அத்தனையும் அவனுக்கு அங்கேயே கேட்டிருக்கும்.

"ரஸ் போனை எடுத்தான்," என்றான், நான் கேட்காமலே. "போன வாரம்."

"எடுத்தாரா! என்ன சொன்னாரு?"

"எடுத்ததும் முதல்ல அதைத்தான் கேட்டான். 'அந்தப் பசங்ககிட்ட சொன்னியா?'ன்னு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு அவன் குரலைக் கேட்டு. ரெண்டு மாசமா அந்த வாய்ஸ்மெயிலை வச்சுக்கிட்டு இருந்திருக்கான்."

"நீ என்ன சொன்ன?"

"'சொல்லியாச்சு'ன்னேன்." காகிதக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "பொய் இல்லையே. சொல்லியாச்சுதானே? அவன், 'நீயா சொன்ன?'ன்னு கேட்டான்."

"நீ?"

"வாய் வரல. அவனுக்குப் புரிஞ்சிருச்சு. மறுபடியும் சும்மா நின்னுட்டேன்னு. 'சரி, உடம்பைப் பாத்துக்கோ'ன்னு சொல்லி வச்சுட்டான். இப்ப எடுக்கறதில்ல."

கூடாரத்துக்குள் யாரோ ஒலிபெருக்கியைச் சரிபார்த்தார்கள். கையில் எடுத்திருந்த இரண்டு கோப்பை சைடரையும் மேசையில் வைத்தேன்.

"அவர் நம்பரைக் குடு," என்றேன். "நான் பேசறேன். நீ சொல்ல வந்தன்னு சொல்றேன். நான் கெடுத்தேன்னு சொல்றேன். அங்க பஸ்ல நீ எப்படிச் சொன்னியோ அப்படியே..."

"வேண்டாம்."

"ஒரு தடவை, வென்டல்."

"வேண்டாம் ஹார்லன். நீ நல்லாத்தான் சொல்லுவ." அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவன் ஒருத்தன்கிட்டயாவது இது என்னோடதா இருக்கட்டும். எப்பவாவது எடுப்பான். அப்ப நானே சொல்லிக்கறேன்."

கோப்பையைக் கசக்கித் தொட்டியில் போட்டுவிட்டு விடுதிப் பக்கம் நடந்தான். அவன் பின்னால் போகத்தான் நினைத்தேன். அதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயர் வந்துவிட்டது: சமூக இணைப்பாளரும் அவர் பெற்றோரும் படம் எடுத்துக்கொள்ள வரவேண்டும். அங்கே அப்பாவும் அம்மாவும் கிப்புக்கு இரு பக்கமும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். அம்மா முகத்தில் இன்னும் அந்தக் குழப்பம். எனக்காக ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

போய் நின்றேன்.